வளர்ந்துகொண்டே போன மேசை

அத்தியாயம் – 6

காப்பி டம்ளர் ஜுமாதியின் மூக்குக்கு நேராக நின்றது. குடிக்கக் கையைத் தூக்க வேண்டிய சிரமமே இல்லை. கழுத்தை நீட்டி உதட்டைக் குவித்தால் போதும், கழனித்தொட்டியில் மாடு குடிப்பது போலக் குடித்துவிடலாம்.

"இபு, இது காப்பிக் கடையா, கோர்ட்டா? மேசை தாடையை இடிக்குது. தாஹு வேணும்னா மனு எழுதிப் போடணும் போலிருக்கு."

இபு என்று, அதாவது அம்மா என்று, அவன் கூப்பிட்ட பாலுபி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்கு வெளியே ரோட்டோரம் நின்ற கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேசை சரியாத்தான் இருக்கு. நீ உக்காந்திருக்கிற லட்சணம் அப்படி."

"அண்ணன் மேல தப்பில்ல, இபு" என்றாள் கடைக்காரி துமிரா, எண்ணெயில் தாஹு என்ற சோயாக் கட்டித் துண்டுகளைப் புரட்டியபடி. "அந்த ஸ்டூலுக்கு மட்டும் இன்னும் செங்கல் வைக்கல. பெஞ்சுக்கெல்லாம் வச்சாச்சு. இந்த மேசை பாட்டுக்கு வளந்துக்கிட்டே போகுது, நான் ஒருத்தி எதுக்குன்னு ஈடு கொடுப்பேன்?"

ஜுமாதி டம்ளரை விட்டு நிமிர்ந்தான். "மேசை வளருதா?"

"ஆமா." வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் போட்ட மேசை. போட்ட நாள்லேருந்து வளருது. அவரு ஆசீர்வாதம். வியாழக்கிழமை தோறும் பூவும் காப்பியும் வச்சுக் கும்புடுறேன். லாட்டரிக்காரனுங்க வந்து மேசைகிட்ட நம்பர் கேட்டுட்டுப் போறானுங்க."

"கிடைச்சுதா?"

"நம்பர் கிடைக்கல. ஒருத்தன் பெஞ்சுலேருந்து விழுந்து பல்லு போச்சு."

இபு பாலுபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரியாத கடை எரிந்ததாகவும் மூழ்காத படகு மூழ்கியதாகவும் வந்து நிற்பவர்களை அடையாளம் காண்பதற்காகவே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி அவரைத் தலை நரைக்கும்வரை சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஓய்வு பெற்றபின் அதே வேலையைத் தனியாகச் செய்தார். ஜுமாதி அதே கம்பெனியில் அவருடைய காரை ஓட்டியவன். இப்போது அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டி, உதவியாளன், இரண்டு ஆள் எடை. வாய் மட்டும் நான்கு ஆளுக்கு உண்டு.

வழக்கு இதுதான். ஜாவாவின் வடகரையில், செமாராங் நகரம் கடலில் முடியும் இடத்தில், தம்பாக் விரு என்றொரு குடியிருப்பு. கீழே முழுக்க ஊறிய களிமண். மேலே கனம் ஏறினால் மண் அமுங்கும். அமுங்கினால் கடல் தெருவுக்குள் வரும். கடல் வந்தால் ஊர்க்காரர்கள் இன்னும் மண்ணைக் கொட்டி மேடாக்குவார்கள். அந்த மண்ணின் கனத்தில் ஊர் இன்னும் அமுங்கும். இதற்குப் பெயர் மேம்பாடு.

இந்தக் கூத்தைப் பார்த்துச் சகிக்காமல் நூர்விதா என்ற ஆராய்ச்சிப் பெண் வேறு மாதிரி ஒரு ரோடு போட்டாள். களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, மூங்கில் தெப்பம் ஒன்றை இறக்கி, அதன்மேல் அனல்மின் நிலையச் சாம்பலும் சிமென்ட் நுரையும் கலந்து ஊற்றினாள். ரொட்டி மாதிரி உள்ளே முழுக்கக் காற்று. தோண்டிய மண்ணைவிட ரோடு லேசு. அப்புறம் எதற்கு அமுங்கப் போகிறது? அதற்குப் பிறகு கடல் ஏறும் நேரத்தில் தம்பாக் விருவில் கால் நனையாமல் வெளியே போக இருந்த ஒரே வழி அந்த ரோடுதான்.

நூர்விதா மேற்கொண்டு ஆராய்ச்சிக்காக பாங்காக் போய் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினாள். வந்தவளுக்கு மாலை மரியாதைக்குப் பதில் ஒரு உத்தரவு காத்திருந்தது. பேராசிரியர் தர்சோனோ தலைமையில் ஒரு குழு அளந்து பார்த்ததில், ரோடு ஒரு சாண் அமுங்கியிருக்கிறதாம். ஆகவே ரோட்டைப் பெயர்த்துவிட்டுப் பாறாங்கல் கொட்ட வேண்டுமாம். பாறாங்கல் கொட்டுவதில் பேராசிரியர் மேதை. அந்த முறைக்கு அவருடைய பெயரே வைத்திருந்தார்கள். விசாரணை முடியும்வரை நூர்விதா ரோட்டின் பக்கமே வரக்கூடாது என்றும் உத்தரவு. வந்தால் மண்ணிடம் பேசித் தன் கட்சிக்கு இழுத்துவிடுவாள் என்று பயந்தார்கள் போலும்.

நூர்விதா பாலுபியிடம் ஓடிவந்தாள். இன்று காலை ரோட்டைத் தோண்டுகிறார்கள். பொக்லைன் வண்டி வந்து நின்றாயிற்று. தோண்டிவிட்டால் நூர்விதாவுக்கு வேலையும் போச்சு, பேரும் போச்சு. தம்பாக் விருவுக்கு வழியே போச்சு.

"எல்லாமே அமுங்குற ஊர்ல எதை வச்சு அளப்பீங்கன்னு அவளைக் கேட்டேன்" என்றார் பாலுபி, குடையை ஊன்றி எழுந்துகொண்டே. "களிமண்ணையெல்லாம் தாண்டி, அடியில இருக்கிற கெட்டி மண்ணு வரைக்கும் ஒரு இரும்புக் குழாய் இறக்கியிருக்காளாம். தலையில பித்தளைக் குமிழ். ஊரே இறங்கினாலும் குழாய் இறங்காது. குமிழுக்கு எவ்வளவு கீழ ரோடு இருக்குன்னு பாத்து, ரோடு போட்டப்போ எழுதினதோட ஒப்பிட்டா உண்மை தெரிஞ்சிரும். வா, அந்த உத்தமனைப் போய்ப் பாப்போம்."

"தாஹு?"

"கையில எடுத்துக்கோ."

கருப்பு இறால் விழுது தடவிய தாஹு இரண்டை வாயில் போட்டுக்கொண்டு ஜுமாதி பின்னாலேயே போனான்.

ரோடு தொடங்கும் இடத்தில் வளைவு கட்டியிருந்தது. வளைவின் இடது பக்கம் அந்தக் கம்பம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, உச்சியில் தங்க நிறத்தில் ஒரு பந்து. இடுப்பில் இரும்புப் பலகை: ‘அரசு ஆய்வு அளவுக் கம்பம். அசைப்பவர்களுக்குச் சிறை.’ வலது பக்கமும் அதே உயரத்தில், அதே சிவப்பு வெள்ளையில், அதே தங்கப் பந்தோடு இன்னொரு கம்பம். அதற்குப் பலகை மட்டும் இல்லை.

ஜுமாதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "இபு, உத்தமனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

பாலுபி வீட்டுச் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தார். "அந்தப் பந்தைச் சுரண்டு."

அவன் சுரண்டினான். தங்கம் உரிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் சிமென்ட் பல்லை இளித்தது.

"பித்தளைன்னு சொன்னீங்க?"

"நூர்விதா சொன்னா. புரொபசரோட ஆளுங்க இந்தப் பந்து மேலதான் அளவுக்கோலை வச்சிருக்காங்க. பாரு, கோல் வச்ச இடத்துல பெயின்ட் வட்டமா தேஞ்சிருக்கு."

"அடப்பாவிகளா! ஒரு காருக்கு ஆகிற செலவுல கருவி வாங்கிட்டு வந்து, அதை இந்த மாப்பிள்ளை மண்டையிலயா வச்சாங்க?"

அப்போது வளைவுக்குப் பின்னாலிருந்து தெருத் தலைவர் பாக் காஸ்தி (பாக் என்றால் ஐயா) வேகமாக வந்தார். புது பாத்திக் சட்டை, அதில் புது வியர்வை. கையில் ஒரு தட்டு நிறைய தாஹு. கேட்காமலே நீட்டினார்.

"பாக், இந்தக் கம்பம் எப்ப வச்சது?" என்றார் பாலுபி.

"அரசாங்கக் கம்பம் இபு. பலகையிலயே போட்டிருக்கே. நான் விரல்கூட வச்சதில்ல."

"விரல் வைக்காம எப்படி பெயின்ட் அடிச்சீங்க?"

"அது... ஆகஸ்ட்ல சுதந்திர தினத்துக்கு எல்லாத்துக்கும் அடிப்போம் இபு. தெருநாய் அசையாம நின்னா அதுக்கும் அடிச்சிருவானுங்க எங்க பசங்க."

"சரி, அந்தப் பக்கத்துக் கம்பம்?"

காஸ்தி தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "அது இதுக்குத் துணைக்கு."

"கெட்டி மண்ணு வரைக்கும் போன ஆளுக்குத் துணை எதுக்கு பாக்? ராத்திரியில பயப்படுறாரா?" என்று கேட்டபடி ஜுமாதி தட்டைக் காலி செய்தான்.

ரோட்டில் போட்டிருந்த விழாப் பந்தலிலிருந்து ஒலிபெருக்கி ‘தெருத் தலைவர் உடனடியாக மேடைக்கு வரவும்’ என்று கூப்பிட்டது. காஸ்தியின் முகத்தில் உயிர் வந்தது. வெறும் தட்டோடு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தார்.

"கதை முடிஞ்சுது இபு" என்றான் ஜுமாதி. "புரொபசர் ஆள் வச்சு நிஜக் கம்பத்தைப் பிடுங்கிட்டு உசரமா ஒண்ணை நட்டுட்டாரு. கம்பம் உசந்தா ரோடு தாழ்ந்த மாதிரிதானே தெரியும்? இந்தாளு வாங்கின காசுக்கு வாயை மூடிட்டு இருக்காரு."

"திருட்டுத்தனம் பண்றவன் ஒண்ணுக்கு ரெண்டா நட்டு, ரெண்டுக்கும் தங்கப் பந்து வைப்பானா? இது ஆசையா செஞ்ச வேலைடா ஜும். யாரோ அழகு பாத்திருக்காங்க." பாலுபி குடை நுனியால் கம்பத்தின் அடியைத் தட்டினார். மண்ணும் கம்பமும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுவும் ஊரோட சேந்து இறங்கிட்டுத்தான் இருக்கு. நட்டப்போ இன்னும் உசரமா இருந்திருக்கும்."

"அப்ப இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா கம்பமே இறங்கி வந்து கணக்கைச் சரி பண்ணியிருக்கும்."

"நிஜக் குழாயை எவனாலயும் பிடுங்க முடியாது. இங்கதான் எங்கேயோ நிக்குது. நீ சொல்லு. வீடு இறங்குது, தரை இறங்குது, தெரு இறங்குது. இதுக்கு நடுவுல இறங்காம ஒரு பொருள் மட்டும் நின்னா, அது பாக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜுமாதி யோசித்தான். யோசிக்கும்போது தாடையைத் தடவுவது அவன் பழக்கம். தடவியவன் கை அப்படியே நின்றுவிட்டது. சற்று முன்னால் ஒரு மேசை விளிம்பு இடித்த இடம் அது.

"வளர்ற மாதிரி தெரியும்" என்றான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காப்பிக் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜுமாதியின் உடம்புக்கு மேசைக்கு அடியில் நுழைவது ஒரு சாதனை. நுழைந்து பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான். "இபு! நாலு கால் இருக்கும்னு பாத்தா ஒத்தைக் கால்தான். தொடை மொத்தத்துக்கு இரும்புக் குழாய். தரையில சிமென்ட் போட்டிருக்காங்க, ஆனா குழாயைச் சுத்தி விரிசல் விட்டு விலகி நிக்குது. தரை கீழ போயிருச்சு, இவரு மட்டும் நட்டமா நிக்கிறாரு."

மேலே பாலுபி சர்க்கரை டின்னை நகர்த்தி, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கினார். பலகையின் நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் பித்தளைக் குமிழ் ஒன்று, இத்தனை நாள் சர்க்கரை சிந்திச் சிந்தி எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"தொடாதீங்க!" துமிரா கரண்டியோடு வந்துவிட்டாள். "அது எங்க வீட்டுக்காரரு ஆசீர்வாதம்!"

"துமிரா, அந்த ரோடு உனக்கு வேணுமா வேணாமா?"

துமிராவின் கரண்டி இறங்கியது. "என்ன கேள்வி இது? அவரு செத்தப்போ ரோடு இல்ல. கடல் ஏறிக் கிடந்துச்சு. பொணத்தை வீட்டுல வச்சுக்கிட்டு, தண்ணி எப்ப வடியும் எப்ப வடியும்னு வாசல்ல நின்னேன். அந்த நிலைமை எதிரிக்குக்கூட வரக்கூடாது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரோடு அமுங்கிப் போச்சுன்னு புரொபசர் சொல்றாரு. ஆனா தண்ணி வந்தா எங்க வீட்டுக்குள்ளதான் வருது, ரோட்டுல ஏற மாட்டேங்குது. அது எப்படின்னு எனக்குப் புரியல. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"இந்தக் குழாயை மேசைக் காலா யாரு ஆக்கினது?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாக் காஸ்தி சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

பாலுபி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு போட்டோவின் அருகே போய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்தது அவருக்கு. ஜுமாதி மேசைக்கடியிலிருந்து வெளியே வருவதற்குள் போட்டோ அவர் கைப்பைக்குள் போய்விட்டது.

"சொல்ல வேணாம்மா. சத்தியத்தைக் காப்பாத்து. நூர்விதா மெயின் ரோட்டுல காத்துக்கிட்டு நிக்கிறா. ஜும், அவளை வளைவு வரைக்கும் வரச் சொல்லு. வளைவைத் தாண்ட வேணாம், கூப்பிட்டா மட்டும் வரணும்."

ஒரு ரோட்டைத் தோண்டுவதற்குப் பந்தல் போட்டு, நாற்காலிக்கெல்லாம் துணி சுற்றி முதுகில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். பின்னால் பேனர்: ‘நிலைத்த பசுமைக் கட்டமைப்பை நோக்கி – ரோடு அகற்றும் தொடக்க விழா.’ ரோட்டைவிட அகலமாக இருந்தது. ஆளுக்கொரு பலகாரப் பெட்டி. தேசிய கீதம் பாடி, பிரார்த்தனை செய்து, வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்று இன்னொருவர் பேசி முடித்திருந்தார். பொக்லைன் ஓட்டுநர் இருக்கையிலேயே தூங்கிப்போயிருந்தான்.

பேராசிரியர் தர்சோனோ ஒலிபெருக்கியைப் பிடித்தார். பட்டு பாத்திக், வாசனைத் தைலம், குரலில் கனிவு.

"எனக்கு யார் மேலயும் விரோதம் இல்ல. நூர்விதா என் மாணவி மாதிரி. ஆனா அறிவியலுக்கு இரக்கம் கிடையாது. மண் பொய் சொல்லாது. கருவி பொய் சொல்லாது. அமுங்கின ரோட்டை அமுங்கினதுன்னுதான் சொல்லணும்."

கைதட்டல் ஓய்வதற்குள் பாலுபி எழுந்தார். "ஒரு சின்ன சந்தேகம், புரொபசர்."

நிகழ்ச்சி நடத்துபவர் பதறினார். "இபு, மன்னிக்கணும், நிகழ்ச்சி நிரல்ல கேள்வி நேரம் இல்லீங்களே."

"பாட்டு உண்டா?" என்றான் ஜுமாதி.

"பாட்டு உண்டு."

"அப்ப எங்க இபு பாட வந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சாலைத் துறை அதிகாரி இபு மாஹரானி, இந்த விழாவில் கையெழுத்துப் போட வந்தவர், கையிலிருந்த பொரித்த லும்பியாச் சுருளைப் பெட்டியில் வைத்துவிட்டு, "பேசட்டும்" என்றார். அவருக்கும் அலுத்திருந்தது.

"ஜும், கால் வலிக்குதுன்னு சொன்னியே" என்றார் பாலுபி. "அந்த அரசாங்கக் கம்பத்துல கொஞ்சம் சாஞ்சுக்கோ. கெட்டி மண்ணு வரைக்கும் போனது. யானை சாஞ்சாலும் தாங்கும்."

ஜுமாதி கம்பத்தருகே போனான். முதுகைத் திருப்பினான். அரசாங்கத்தின் மேல் முழு நம்பிக்கை வைத்து, தன் உடம்பையும் அதன் மேல் வைத்தான்.

கம்பம் ‘ஹ்ம்’ என்றது. சிறை என்று எழுதிய பலகை வானத்தைப் பார்த்தது. தங்கப் பந்து கழன்று விழுந்து, பந்தலுக்குள் உருண்டு வந்து, பேராசிரியரின் பளபளப்பான ஷூவில் முட்டி நின்றது. 

"கெட்டி மண்ணு இவ்வளவு மேலயா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஜுமாதி சட்டையிலிருந்த சிவப்புப் பெயின்ட்டைத் தட்டிவிட்டான்.

பேராசிரியர் வெளிறித்தான் போனார். ஆனால் லேசுப்பட்ட ஆளா? ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார். "பாத்தீங்களா! யாரோ நிஜக் கம்பத்தை எடுத்துட்டுப் போலியை வச்சிருக்காங்க! இதனால யாருக்கு லாபம்? தன் ரோடு தேறாதுன்னு தெரிஞ்சு அளவையே குழப்பிவிட நினைச்சவளுக்குத்தான்!" அவர் விரல் பந்தலைத் தாண்டி, வளைவுக்கு வெளியே நின்ற நூர்விதாவை நோக்கி நீண்டது. "இது இனிமே ஆராய்ச்சிப் பிரச்சினை இல்ல. போலீஸ் பிரச்சினை!"

நூர்விதா அப்படியே நின்றாள்.   வேலை மட்டும் போக இருந்த பெண்ணுக்கு இப்போது விலங்கும் சேர்ந்து வருகிறதே! ஜுமாதி பாலுபியைப் பார்த்தான். அவர் பாக் காஸ்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஸ்தி மேடையின் ஓரத்தில் பேய் அறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

கடை வாசலிலிருந்து துமிரா வெடித்தாள். "பாக்! உங்க சத்தியத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க! அந்தப் பொண்ணு போட்ட ரோட்டுல நடந்துதானே உங்க பேத்தி இஸ்கூலுக்குப் போறா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

காஸ்தி எழுந்தார். ஒலிபெருக்கியை வாங்கவில்லை. வாங்காமலே எல்லோருக்கும் கேட்டது.

"நாங்கதான் செஞ்சோம். தெரு அழகுப் போட்டி வந்துச்சு, இபு. வளைவு கட்டினோம். ஒரு பக்கம் மட்டும் துருப்பிடிச்ச குழாய் நின்னா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்னு பொம்பளைங்க சொன்னாங்க. லாரியில கயிறு கட்டி இழுத்துப் பாத்தோம். கயிறு அறுந்துச்சு, லாரியோட பம்பர் வந்துச்சு, குழாய் வரல. சரின்னு ரெண்டு பக்கமும் புதுசா ஜோடிக் கம்பம் நட்டோம். பலகைதான் அரசாங்கம், குழாய் சும்மா பலகையைத் தாங்கத்தான்னு நினைச்சோம். அதனால பலகையைக் கழட்டிப் புதுசுல மாட்டிட்டு, குழாய் நின்ன இடம் வரைக்கும் துமிரா கடையை நீட்டி, அதை அங்கேயே மேசைக்காலா ஆக்கிட்டோம். அப்புறம்தான் பலகையைப் படிச்சேன். சிறைன்னு போட்டிருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

"போட்டியில ஜெயிச்சீங்களா?" என்று ஜுமாதி கேட்டான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டாம் பரிசு" என்றார் காஸ்தி. அவமானத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அறியாத ஜனங்க! நானும் இவங்களால ஏமாந்துபோனேன். வளைவுல கம்பம் மாறினதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் அளக்கிற வேலைக்கு வந்தப்பதான் இந்தத் தெருவையே முதல்ல பாக்கிறேன்."

"அப்படியா?" பாலுபி கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்து இபு மாஹரானியிடம் நீட்டினார். "துமிரா கடைச் சுவர்ல மாட்டியிருந்தது. ரெண்டாம் பரிசு கொடுத்த நாள்ல எடுத்தது. நடுவுல நிக்கிற தலைமை நடுவரை அடையாளம் தெரியுதா பாருங்க."

அதிகாரி போட்டோவைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். ஜுமாதி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். புத்தம் புதுக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே, ஒரு கையை இந்தத் தங்கப் பந்தின் மேலும் இன்னொரு கையை அந்தத் தங்கப் பந்தின் மேலும் வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்றார் பேராசிரியர் தர்சோனோ.

"‘ரெண்டு பக்கமும் ஒரே அளவா, புதுசா நட்ட கம்பங்களைப் பாராட்டுறேன்’னு நீங்கதான் பேசினீங்க புரொபசர்" என்றார் காஸ்தி மெதுவாக. "எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்" என்றார் பாலுபி. "நீங்களே பரிசு கொடுத்த அலங்காரக் கம்பம். அது மேலேயே கோலை வச்சு ரோடு அமுங்கிருச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. இதைத் தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா? தெரிஞ்சுன்னா நீங்க சொன்ன அதே போலீஸ். தெரியாமன்னா, கை வச்சு நின்ன கம்பத்தையே அடையாளம் தெரியாதவருகிட்ட இந்த ஊர் எதுக்கு மண்ணை அளக்கக் கொடுக்கணும்? எது வேணுமோ எடுத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவாத்தான் வச்சிருக்கேன்."

பேராசிரியர் பேனரைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தப்பிப் போக மூன்றாவது வழி எங்காவது இருக்கிறதா என்று பந்தல் முழுவதும் பார்த்தார். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார். "கவனிக்கல."

"மைக்குல சொல்லுங்க, பின்னாடி கேக்கல" என்றான் ஜுமாதி.

"கவனிக்கல!"

பழக்க தோஷத்தில் நிகழ்ச்சி நடத்துபவர் கை தட்டினார். பந்தலும் கை தட்டியது.

இபு மாஹரானி எழுந்தார். "பொக்லைன்காரரை எழுப்பி வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. குழுவுக்கு வேற தலைவரை நான் பாத்துக்கிறேன். நூர்விதா, உள்ள வாங்க. உங்க குழாயிலேருந்து நீங்களே அளங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அப்படியாகத் துறையின் வரலாற்றில் முதல் முறையாக, அளவுக்கோல் ஒரு காப்பிக் கடை மேசையில், சர்க்கரை டின்னுக்கும் தாஹுத் தட்டுக்கும் நடுவில் நின்றது. நூர்விதா எறும்பைத் துடைத்துவிட்டுக் குமிழின்மேல் கோலை வைத்தாள். பிறகு ரோட்டில் வைத்தாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"ஒரு விரல். ஒரு விரல்தான் இறங்கியிருக்கு."

"யாரு விரல்? என்னுதுன்னா ஜாஸ்தி" என்றான் ஜுமாதி. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது.

இந்த அமளியில், முன்னால் சொன்னதை மறக்காமல் துமிரா அவன் ஸ்டூலுக்கு வைக்க ஒரு செங்கல்லோடு வந்தாள். நூர்விதா அந்தச் செங்கல்லைப் பார்த்தாள். பெஞ்சுகளின் அடியில் அடுக்கியிருந்த செங்கற்களைப் பார்த்தாள். குழாயை விட்டு விலகி இறங்கியிருந்த தரையைக் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, தரையை மேடாக்க எவ்வளவு மண்ணு கொட்டினீங்க?"

"வருஷா வருஷம் லாரி லாரியா கொட்டுறோம். எதுக்குக் கேக்கிற?"

"மேசை வளரலக்கா. உங்க தரைதான் இறங்குது. மண்ணு, கல்லு, செங்கல்னு கனம் ஏத்த ஏத்த இன்னும் வேகமா இறங்கும்."

துமிராவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப... அவரு ஆசீர்வாதம்?"

ஜுமாதி பூப்போட்ட விரிப்பை எடுத்துக் குமிழை மெதுவாக மூடினான்.  

"தரையைத் தோண்டிட்டு ரோட்டுக்குப் போட்ட அதே கலவையை வீட்டுக்கும் போடலாம்" என்றாள் நூர்விதா, துமிராவின் கையைப் பிடித்துக்கொண்டு. "உங்க கடையிலேருந்தே ஆரம்பிக்கிறேன். ரோடு இருக்கிறதால சாமான் வண்டி உள்ள வர முடியும்."

வெளியே நிகழ்ச்சி நடத்துபவர் கூவினார். என்ன நடந்தாலும் குரூப் போட்டோ எடுக்காமல் ஜாவாவில் ஒரு விழாவும் முடியாது. எல்லோரும் வளைவின் கீழே கூடினார்கள். நழுவப் பார்த்த பேராசிரியரைப் பழைய மரியாதையில் நடுவில் இழுத்து நிறுத்தினார்கள்.

துமிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். கையிலிருந்த செங்கல்லை அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"கனமான பொருள்னா உங்களுக்கு உசுருன்னு சொன்னாங்க, புரொபசர். எங்க ஊருக்கு இது வேணாம். நீங்களே வச்சுக்கோங்க."

"எல்லாரும் சிரிங்க!" என்றான் போட்டோக்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். செங்கல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில், பேராசிரியரும் சிரித்தார்.